ஒற்றைத் தலைவலியும் நானோ மருந்தும்

பேத்தமங்களா என்றதும் தங்கவயல்காரர்களுக்கு ஏரிதான் நினைவுக்கு வரும். பாலாற்று நீரைத் தேக்கி, சுரங்கக் குடியிருப்புகளின் தாகம் தீர்த்த ஏரி அது. எனக்கோ அந்த ஊர் என்றால் பெரியம்மாவின் இருட்டறையும் நினைவுக்கு வரும். மாதம் இரண்டு முறையாவது சன்னலைச் சாத்தி, நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுப் படுத்துவிடுவார். வெளிச்சம் ஆகாது, தாளிக்கும் வாசனை பட்டாலே குமட்டும். "வேலை செய்யச் சோம்பல்" என்பார்கள் வீட்டார். பின்னாளில் அதே வலி அக்காவுக்கும் வந்தது. இன்று பெங்களூரில் படிக்கும் அக்கா மகளையும் அது விடவில்லை.

இது சோம்பலன்று, நரம்பு மண்டலத்தின் நோய். பெங்களூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 2,329 பேரிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் ஒற்றைத் தலைவலி வந்திருந்தது. பெண்களே அதிகம் துன்புற்றனர்.

குடும்பத்தில் தொடர்வதற்கு மரபணுக்களும் காரணம். கை கால் தற்காலிகமாகச் செயலிழக்கும் அரிய வகைக்கு, 19ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பிழை காரணம் என்று 1996இல் கண்டனர். சாதாரண வகைக்கு ஒரே மரபணு காரணமன்று. 2022இல் வெளிவந்த பேராய்வு, மரபுத்தொகுதியில் தொடர்புடைய 123 இடங்களைச் சுட்டியது.

"நானோ மருந்தில் இது அடியோடு குணமாகுமாமே மாமா?" என்று அக்கா மகள் கேட்டாள்.

ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் ஒரு பங்கு நானோமீட்டர். இத்தகைய நுண்ணிய கொழுப்புத் துகளுக்குள் பொதிந்த பாட்டிசிரான் என்ற மருந்து, நரம்புகளைச் சிதைக்கும் ஒரு பரம்பரை நோய்க்காக 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அந்நோய்க்குக் காரணமான புரதம் பெரும்பாலும் கல்லீரலில் உருவாகிறது. மருந்து அங்கே சேர்ந்தால் போதும். மூளைக்குச் செல்லும் வழியிலோ, சுரங்க வாயிற்காவலரைப் போல் ஆளைச் சோதித்தே உள்ளே விடும் இரத்தத் தடுப்பு உண்டு. அதைக் கடக்கும் துகள்களையும், மூக்கு வழியே செலுத்தும் துகள்களையும் ஆய்வுக்கூடங்களில் சோதிக்கின்றனர். ஆகவே "நானோவில் நிரந்தரக் குணம்" என்று விற்பவரிடம் பணத்தை இழக்க வேண்டாம்.

அதற்காக மனம் தளரவும் வேண்டியதில்லை. வலியைக் குறைக்கும் டிரிப்டான் மாத்திரைகளும், அடிக்கடி வராமல் தடுக்கும் மருந்துகளும் இன்றே உண்டு. 2018இல் வந்த எரெனுமாப் ஊசி இந்நோய்க்கென்றே உருவானது. எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். கருவுற்றவர்களும் கருவுற விரும்புபவர்களும் அதை முதலிலேயே அவரிடம் சொல்லவேண்டும். கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை மாதத்தில் பாதி நாள் விழுங்கினால், அவையே தலைவலியை வளர்க்கும். திடீரெனத் தாங்கொணாத வலி, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அக்கா மகள் மருத்துவரைப் பார்த்துவிட்டாள். வலி வரும் நாட்களைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறாள். பெரியம்மாவுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. உங்கள் வீட்டில் யாரேனும் இருட்டறையில் படுத்திருந்தால், சோம்பல் என்று சொல்லாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.