ராயப்பர் கேட்ட கேள்வி

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்திலிருந்து காசிமேடு வழியாகத் திருவொற்றியூர் வரை போனால் தெருமுனைகளில் பேனர்கள் கண்ணில் படும். வெள்ளை கவுனும் தலையில் கிரீடமுமாக ஒன்பது வயதுப் பெண், கையில் மெழுகுவர்த்தி, பின்னால் மாதா. மேலே ‘புதுநன்மை விழா’ என்று கொட்டை எழுத்து. பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். கீழே தாய்மாமன், சித்தப்பா, அவர்களுடைய நண்பர்கள் என்று வரிசையாக முகங்கள். அதே தெருவில் இன்னொரு பிள்ளைக்கும் அன்றைக்கே புதுநன்மை. அந்த வீட்டு பேனர் இதைவிட இரண்டடி உயரம்.

அந்த இரண்டடிக்கும் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

காலண்டரைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பள்ளி விடுமுறை என்பதால் புதுநன்மை பல இடங்களில் ஏப்ரல், மே மாதங்களில் வருகிறது. விசைப்படகுகளுக்குத் தடைக்காலமும் அப்போதுதான்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். லாஞ்சுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போனால்தான் பங்கு. போகவில்லை என்றால் அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் மட்டும். அதை வைத்துக்கொண்டு மண்டபம், பிரியாணி, டிரோன் கேமரா எல்லாம் எப்படி முடியும்? தண்டல்காரர் இருக்கிறார். வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். மறுநாளிலிருந்து தினம் நூறு, நூறு நாள். தடைக்காலம் முடிந்து படகு கிளம்பிய பிறகும் தண்டல் முடியாது.

‘எதுக்கும்மா இவ்வளவு செலவு?’ என்று கேட்டால் கிடைக்கும் பதில் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்தது. ‘எதிர் வீட்ல செஞ்சாங்க இல்ல?’

இந்தப் பேச்சு ராயபுரத்தில் காதில் விழும்போதெல்லாம் அந்த ஊரின் பெயர்தான் எனக்கு நினைவுக்கு வரும். பேதுருவைப் பழைய கத்தோலிக்கத் தமிழில் ராயப்பர் என்பார்கள். அவர் பெயரிலான கோவிலைச் சுற்றி வளர்ந்ததால் ராயபுரம். கட்டியவர்கள் படகோட்டிகள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகளில் அலையைக் கிழித்துப் போய் ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். வேதத்தில் எத்தனையோ புனிதர்கள் இருக்க, கடலில் கைவைத்துப் பிழைத்த ராயப்பரைத் தங்கள் பாதுகாவலராக எடுத்துக்கொண்டார்கள்.

ராயப்பருக்கும் இதே ஒப்பிடும் நோய் இருந்தது. யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் அந்தக் காட்சி வருகிறது. இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் படவில்லை. விடிகாலையில் கரையில் நின்ற ஒருவர் படகின் வலப்பக்கம் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன்கள். எண்ணிச் சொல்லியிருப்பதே எனக்குப் பிடிக்கும். ஏலம் போடுகிற கரையில் மீனை எண்ணாமல் விடமாட்டார்கள். கரித்தணலில் மீன் சுட்டு எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மூன்று முறை மறுதலித்த ராயப்பரிடம் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்டு, மந்தையை அவர் கையில் ஒப்படைக்கிறார் இயேசு. ராயப்பர் எப்படிச் சாவார் என்பதையும் குறிப்பாகச் சொல்கிறார். ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய மன்னிப்பு அது. ராயப்பர் உடனே என்ன செய்தார்? திரும்பிப் பார்த்தார். பின்னால் அருளப்பர், அதாவது யோவான், வந்துகொண்டிருந்தார். இவருடைய கதி என்ன என்று கேட்டார்.

இயேசு அதற்கு விடை சொல்லவில்லை. உனக்கு அருளப்பரைவிட நல்ல பங்கு என்று ஆறுதல் சொல்லவும் இல்லை. அவன் விஷயம் உனக்கு எதற்கு, நீ என் பின்னால் வா என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். ஒப்பிடுகிறவனுக்குக் கிறிஸ்தவம் தரும் மருந்து இதுதான் என்று நான் நம்புகிறேன். நீயும் உயர்ந்தவன்தான் என்று தட்டிக்கொடுப்பதில் நோய் தீராது. உயரம் அளக்கிற நாடா அப்போதும் கையிலேயே இருக்கும். நாடாவைக் கீழே போடச் சொல்கிறார் இயேசு.

ஆலைகள் இருக்கும் எண்ணூர், மணலிப் பக்கம் இதைச் சொன்னால் வேறு வாதம் வரும். ஒரே கேட் வழியாக உள்ளே போய், ஒரே ஷிஃப்டில் ஒரே வேலை செய்து, பர்மனன்ட் ஆளுக்கு ஒரு சம்பளம், காண்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு சம்பளம் என்றால் ஒப்பிடாமல் எப்படி இருப்பது என்று தொழிற்சங்கத்துக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உழைத்த கூலியைக் கேட்பது வேறு, எதிர் வீட்டு பேனரை அளப்பது வேறு என்பது என் பதில்.

சங்கீதம் 73ஐ எழுதிய ஆசாப்பும் இந்த ஒப்பீட்டைத் தாண்டித்தான் வந்தார். அக்கிரமக்காரர்கள் கொழுத்து வாழ்வதைப் பார்த்துத் தன் கால் சறுக்கப் பார்த்ததை ஒளிக்காமல் சொல்கிறார். தான் சுத்தமாக வாழ்ந்தது வீணோ என்றுகூட நினைத்துவிட்டார். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போன பிறகுதான் அவருக்குத் தெளிவு வந்தது. இன்றைக்கு நம் ஆலயத்துக்குள் போகிறவருக்குத் தெளிவு வருகிறதா, இன்னும் இரண்டு அளவுகோல்களைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறாரா?

என் கவலை அங்கேதான். ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்லும் நேரத்தைக் கவனியுங்கள். கர்த்தர் எனக்கு வீடு கொடுத்தார், என் மகனுக்கு சிங்கப்பூரில் வேலை கொடுத்தார் என்று ஒருவர் நன்றி சொல்கிறார். அவர் நன்றி உண்மையானது. ஆனால் பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் ஒழுகுகிற கூரைக்குக் கீழே அதே ஜெபத்தை அதே கண்ணீரோடு செய்த அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ஏன் தரவில்லை, என் விசுவாசம் குறைவோ என்று கேட்டபடி அவர் வீடு திரும்புகிறார். பணத்தில் ஒப்பிட்டது போக, பக்தியிலும் ஒப்பிட வைத்துவிட்டோம். சாட்சி மற்றவர்களின் விசுவாசத்தை வளர்க்கும் என்பார்கள், வளர்க்கட்டும். எதுவும் கிடைக்காமல் விசுவாசத்தில் நிற்கிறவரையும் ஒரு வாரம் எழுப்பிச் சாட்சி சொல்ல வைக்கலாமே.

புதுநன்மைக்கு வருகிறேன். ஏழைக்கு ஒரு நாள் சந்தோஷம் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஒரு நாளுக்கு நூறு நாள் கதவு தட்டப்படுகிறதே! பங்குச் சாமியார்கள் நினைத்தால் பாதி பாரம் இறங்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வெள்ளை உடுப்பைக் கோவிலே தரலாம். பூசை முடிந்ததும் கோவில் வளாகத்திலேயே எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து ஒரே பந்தியில் சாப்பிடலாம். வாசலில் பேனர் வேண்டாம் என்று சொல்லலாம். அப்பத்தின் முன்னால் எல்லோரும் சமம் என்று ஞானோபதேச வகுப்பில் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்துவிட்டு, அன்றைக்கு மத்தியானமே அந்தப் பாடத்தைத் தெருவில் அழிக்கிறோம்.

என் புதுநன்மைக்கு நான் போட்டது பெரியம்மா மகனின் சட்டை. தோள்பட்டை இறங்கி நின்றது. அம்மா இரண்டு பக்கமும் ஊக்கு குத்தினார். பக்கத்தில் நின்றவன் கோட்டு சூட்டில் வந்திருந்தான். பூசை நேரம் முழுக்க அந்தக் கோட்டின் பொத்தான்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நற்கருணை வாங்கியது நினைவில் இல்லை. பொத்தான் ஆறு என்பது மட்டும் நினைவிருக்கிறது.

தடைக்காலம் முடிந்து இரண்டு வாரத்தில், ஜூன் 29, புனித ராயப்பர், சின்னப்பர் (பவுல்) திருநாள். அதற்குள் லாஞ்சுகள் கடலுக்குப் போய்த் திரும்பத் தொடங்கியிருக்கும். ஒரு படகுக்கு வஞ்சிரம் பட்டிருக்கும், பக்கத்துப் படகுக்கு ஐஸ் காசுகூடத் தேறியிருக்காது. அன்றைக்குப் பிரசங்கத்தில் அந்தக் கரித்தணலையும், திரும்பிப் பார்த்த ராயப்பரையும் பற்றி ஒரு சாமியாராவது பேச வேண்டும். இரண்டு படகுக்காரர்களும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். தண்டலில் பாதி நாள் கட்டி முடித்த அம்மாவும்.