மலைநடைப் பாதைகளும் மண் பாதுகாப்பும்

மலைப்புறங்களில் மனிதர் நடப்பதால் உண்டாகும் பாதை, வெறும் கால்தடங்களின் தொகுதி அன்று. விழுகின்ற ஒவ்வோர் அடியும் அந்நிலத்தின் செடியையும் மண்ணையும் சிறிதளவு மாற்றுகின்றது. நடப்பவர் சிலராயின் இம்மாற்றம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நடக்கும்போது அது மண்ணரிப்பாக முற்றுகின்றது. இங்கிலாந்து நாட்டின் பென்னைன் நெடுவழி இவ்வுண்மையைத் தெளிவாக விளக்குகின்றது. அங்கே கண்டறியப்பட்ட காரணங்களும் கையாளப்பட்ட பரிகாரங்களும் மலைப்பகுதிகளில் பணியாற்றுவோர் அறியத்தக்கவை.

வழி தோன்றிய வரலாறு

பென்னைன் மலைத்தொடர் இங்கிலாந்தின் முதுகெலும்பு எனப்படும். அதன் உயர்நிலங்களில் பெரும்பகுதி முற்காலத்தில் நிலவுடைமையாளரின் வேட்டைக் காடாக இருந்தது. கௌதாரியை ஒத்த குரௌஸ் என்னும் பறவையை வேட்டையாடுவதற்காக அந்நிலங்கள் காக்கப்பட்டன. பொதுமக்கள் அங்கே நுழைதல் ஆகாது. அருகிலிருந்த ஆலை நகரங்களின் தொழிலாளர்க்கோ, புகையினின்று விடுபட்டு விடுமுறை நாளில் நடப்பதற்கு வேறு இடமில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று ஏறக்குறைய 400 பேர் தடையை மீறிக் கின்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலத்தில் ஏறினர். அவர்களுள் ஐவர் சிறைத் தண்டனை அடைந்தனர்.

1935இல் டாம் ஸ்டீபன்சன் என்னும் பத்திரிகையாளர், அமெரிக்காவின் அப்பலேச்சியன் நெடுவழியைப் போன்ற ஒன்று தம் நாட்டிற்கும் வேண்டுமென்று எழுதினார். தேசியப் பூங்காக்கள் பற்றிய சட்டம் 1949இல் நிறைவேறியது. அதன் பயனாக 1965 ஏப்ரல் 24 அன்று பென்னைன் நெடுவழி திறந்து வைக்கப்பட்டது. தெற்கே ஈடேல் என்னும் சிற்றூரில் தொடங்கி, ஸ்காத்லாந்து எல்லையைக் கடந்தவுடன் உள்ள கர்க் யெட்டோமில் முடியும் இவ்வழியின் நீளம் 268 மைல், அதாவது சுமார் 431 கிலோமீட்டர். இதன் மிக உயர்ந்த இடமாகிய கிராஸ் ஃபெல் 893 மீட்டர் உயரமுடையது.

மூவகை நிலங்கள்

இந்நெடுவழி கடந்து செல்லும் நிலங்களைப் பொதுவாக மூவகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சுண்ணாம்புக்கல் மீது அமைந்த புல்வெளிக் குன்றுகள். இங்கே மழைநீர் கற்பிளவுகளின் வழியே விரைவில் கீழிறங்கிவிடுவதால் தரை உலர்ந்திருக்கும். மேலும், புல்லின் வளர்முனை தரையை ஒட்டி அமைந்துள்ளது. நுனி மிதிபட்டாலும் அது மீண்டும் தழைக்கும்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் மூர் எனப்படும் ஈரமான மேட்டுவெளி. இங்கு மரங்கள் அரியவை. ஹெதர் என்னும் குறுஞ்செடியும், பருத்திப் புல்லும், ஸ்பாக்னம் என்னும் பாசியும் தரையை மூடியிருக்கும். ஹெதர்ச் செடியின் வளர்முனைகள் கிளைகளின் நுனியில் உள்ளன. ஆகவே அது மிதிபட்டால் எளிதில் மடிகின்றது.

மூன்றாவது, வடபகுதியிலுள்ள ஊசியிலைக் காடுகள். கீல்டர் காட்டில் 1926 முதல் மரங்கள் நடப்பட்டன. வெட்டுமரம் ஏற்றிச் செல்வதற்காகச் சரளை பரப்பி அமைத்த காட்டுச் சாலைகள் இப்பகுதியில் நடப்போரின் சுமையையும் எளிதில் தாங்குகின்றன.

இம்மூன்றனுள் மேட்டுவெளியே மிக விரைவில் கேடடைகின்றது. இதன் காரணம் அதன் அடியிலுள்ள பீட் மண்ணாகும்.

பீட் மண்ணின் இயல்பு

மழை மிகுந்து, ஆவியாதல் குறைந்து, நீர் தேங்கி நிற்கும் குளிர்ந்த நிலங்களில் மடிந்த செடிகள் முழுவதும் மக்குவதில்லை. நீரில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதும், புளிப்புத்தன்மை மிகுந்திருப்பதும் நுண்ணுயிர்களின் வேலையைத் தடுக்கின்றன. இவ்வாறு அரைகுறையாக மக்கிய தாவரப் பொருளே பீட் மண் ஆகும். அது ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதமே சேர்கின்றது. எனவே ஒரு மீட்டர் ஆழமுள்ள பீட் மண் சுமார் ஆயிரம் ஆண்டுகளின் சேமிப்பு என்று கொள்ளலாம்.

ஈரமான பீட் மண்ணின் எடையில் பெரும்பங்கு நீரே. மேலுள்ள செடிப் போர்வை கிழிந்துவிட்டால் அது சேறாகிக் கரைந்தோடும்; வெயிலில் காய்ந்தால் பொடியாகிக் காற்றில் பறக்கும். அதில் பன்னெடுங்காலமாக அடங்கியிருந்த கார்பன், காற்றுப் பட்டு கரியமில வாயுவாக வெளியேறும். அரிப்புண்ட மண் ஓடைகளின் வழியே நீர்த்தேக்கங்களை அடைந்து, குடிநீரின் நிறத்தையும் கெடுக்கும். ஆகவே, ஒரு பாதையின் கேடு அப்பாதையோடு நிற்பதில்லை.

பாதை அகலுவது எவ்வாறு?

முதலில் நடப்போர் செடிகளை வளைக்கின்றனர். பின் வருவோர் அவற்றை மடியச் செய்கின்றனர். அதன்பின் மண் வெளிப்படுகின்றது. மழையில் அம்மண் சேறாகின்றது. சேற்றைக் கண்டவர், காலணி நனையாதிருக்கப் பக்கத்திலுள்ள செடிகளின் மீது நடக்கின்றனர். சில நாட்களில் அப்பக்கமும் சேறாகின்றது. அடுத்து வருபவர் இன்னும் சிறிது விலகுகின்றார். இவ்வாறு ஓரடி அகலமாக இருந்த தடம் பல மீட்டர் அகலமுள்ள சேற்றுப் பரப்பாக விரிகின்றது. பென்னைன் நெடுவழியின் தென்பகுதியில் இந்நிலையே ஏற்பட்டது. ஆலைப்புகையால் நச்சுற்ற மழை, தீ, அளவுக்கு மிஞ்சிய ஆட்டு மேய்ச்சல் ஆகியவையும் சேர்ந்து, பிளாக் ஹில் என்னும் குன்றின் உச்சி செடியற்ற கருஞ்சேறாயிற்று.

இங்கு ஓர் உண்மையை நினைவிற்கொள்ள வேண்டும். மிதிபடுவதால் வரும் சேதத்தின் பெரும்பகுதி முதலில் விழும் சில அடிகளாலேயே உண்டாகின்றது. பிறகு விழும் அடிகளால் கூடும் சேதம் படிப்படியாகக் குறைகின்றது. ஆகையால் நடப்போரை நிலமெங்கும் பரவவிடுதல் நன்மை என்று எண்ணுவது பெரும்பாலும் தவறு. பலர் ஒரே தடத்தில் நடப்பது, சிலர் பல தடங்களில் நடப்பதைவிடக் குறைந்த கேடு விளைவிக்கும்.

பரிகாரம்

போராடிப் பெற்ற வழியை அடைத்துவிடுவது எளிய பரிகாரமாகத் தோன்றலாம். ஆயின் அது அவ்வுரிமையை மீண்டும் பறிப்பதாகும். ஆகவே நடப்பவர் தாமாகவே தடத்தை விட்டு விலகாதபடி, தடத்தையே நடப்பதற்கு வசதியானதாகச் செய்வது என்ற முறை கையாளப்பட்டது. மூடிக் கிடந்த பழைய பஞ்சாலைகளின் தளத்திலிருந்து பெயர்த்த பாவுகற்கள் ஹெலிகாப்டர் மூலம் கொண்டுவரப்பட்டு, சேற்றின்மீது வரிசையாகப் பரப்பப்பட்டன. கின்டர் பகுதியிலோ நெடுவழியே வேறொரு தடத்திற்கு மாற்றப்பட்டது.

பாவுகல் செய்யும் வேலையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 150 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒற்றைப் பாதத்தில் நின்றால், சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ சுமை விழும். 1 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலமுள்ள கல்லின்மீது அவர் நின்றால் அதே 60 கிலோ 6,000 சதுர சென்டிமீட்டரில் பரவும். கல்லின் எடை 115 கிலோ என்று கொண்டு அதையும் சேர்த்தாலும், சதுர சென்டிமீட்டருக்கு விழுவது சுமார் 0.03 கிலோவே.

பாதை குறுகியபின் இரு பக்கமும் செடிகள் வளர வழி ஏற்பட்டது. 2003 முதல் இப்பகுதிகளில் பெருமளவில் சீரமைப்பு நடைபெற்று வருகின்றது. வெற்று மண்ணின்மீது ஹெதர்ச் சருகு பரப்புதல், புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு தூவுதல், விதை விதைத்தல், அரிப்புப் பள்ளங்களில் சிற்றணை கட்டி நீரைத் தேக்குதல், ஸ்பாக்னம் பாசியை நடுதல் ஆகியவை அப்பணிகளாகும். கரிய சேறாகக் கிடந்த பிளாக் ஹில் இன்று மீண்டும் பசுமை பெற்றுள்ளது.

களப்பணியாளரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியவை

நம் நாட்டிலும் நீலகிரி மேட்டுநிலத்தின் சதுப்புப் பள்ளங்களில் பீட் மண் உண்டு. அதன் அடுக்குகளிலுள்ள கார்பனை ஆராய்ந்து, கடந்த சுமார் 20,000 ஆண்டுகளின் பருவநிலை மாற்றங்கள் கணிக்கப்பட்டுள்ளன. அத்தகைய மண் ஒருமுறை அழிந்தால், அதில் பதிந்துள்ள சான்றும் அழியும்.

பாதை காப்போர் மழைக்காலத்திலேயே பாதையைச் சென்று பார்க்க வேண்டும். நீர் எங்கே தேங்குகின்றது, நடப்பவர் எங்கே விலகுகின்றனர் என்பன அப்பொழுதுதான் தெரியும். சரிவில் நேராக இறங்கும் தடம் விரைவில் ஓடையாகும். அதைச் சாய்வாகத் திருப்பி, இடையிடையே குறுக்கு வடிகால் அமைத்தல் நலம். பாதையின் அகலத்தைக் குறித்த இடங்களில் ஆண்டுதோறும் அளந்து பதிவு செய்தால், கேட்டினைத் தொடக்கத்திலேயே அறியலாம்.

பள்ளி ஆசிரியர்கள் இதனை விளையாட்டுத் திடலிலேயே காட்டலாம். மாணவர் நடந்து தேய்ந்த தடத்தின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, அரை மீட்டருக்கு ஓரிடமாக 30 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே நிற்கும் செடிகளின் வகையையும் எண்ணிக்கையையும் எழுதச் செய்க. தடத்தின் நடுவில் எச்செடி தாக்குப்பிடிக்கின்றது, ஓரத்தில் எது மறைகின்றது என்பதை மாணவர் தாமே கண்டறிவர். அதே இடங்களில் மழைக்குப் பின் மீண்டும் அளந்தால், பாதை அகலும் முறையும் அவர்களுக்கு விளங்கும்.