தாத்தாவின் பழைய கார் உங்க கைக்கு வந்திருக்கா? விற்பதா, வைத்திருப்பதா... முடிவெடுக்கும் முன் இதைப் படிங்க!

தாத்தாவின் 16-ம் நாள் காரியம் முடிந்து, சாப்பாடும் ஆகி, எல்லோரும் திண்ணையில் சாய்ந்திருந்த நேரம். வீடு, நிலம், நகை என எல்லாம் பேசி முடித்த பிறகு பெரிய மாமாதான் ஆரம்பித்தார்.

"ஆமா... ஷெட்டுல நிக்கிற அந்த வண்டிய என்ன பண்றது?"

அந்த வண்டி, 1968 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. நம்பர் பிளேட்டில் மெட்ராஸ் மாநிலம் என்று பேர் இருந்த காலத்து எம்.எஸ். எழுத்துகள். பானெட்டைத் திறந்தால் முன்பக்கம் மொத்தமும் வாயைப் பிளந்த முதலை மாதிரி முன்னால் சாயும். அதைப் பார்க்கவே தெருப் பசங்க கூடுவோம்.

"வித்துடலாம்" என்றார் மாமா. "அப்பா தொட்டுத் துடைச்ச வண்டி" என்று அம்மா அழுதார். "இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்றார் சித்தி. சித்தி சொன்னதுதான் நடந்தது. அதனால் என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதே இடத்தில் இன்று நீங்கள் நின்றால், என்ன வரிசையில் யோசிக்கலாம் என்று முதலில் பார்ப்போம்.

முதல்ல பேப்பர், அப்புறம்தான் பேட்டரி

சாவி உங்க கையில் இருப்பதால் வண்டி உங்களுடையது ஆகிவிடாது. ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர்.

உரிமையாளர் இறந்துவிட்டால் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஒரு அவகாசம் தருகின்றன. இறந்த 30 நாள்களுக்குள், "இவர் இறந்துவிட்டார், வண்டியை நான் பயன்படுத்தப்போகிறேன்" என்று ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால், மூன்று மாதங்கள் வரை உங்கள் வண்டி போலவே ஓட்டலாம். அந்த மூன்று மாதங்களுக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இறப்புச் சான்றிதழ், ஆர்.சி, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றோடு வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். ஆகவே மாமா, சித்தி எல்லோரும் ஒரே ஊரில் கூடியிருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம் ஆளுக்கொரு திசை!

பழைய வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆர்.சி என்பது அட்டை போட்ட புத்தகமாக இருக்கும், ஆனால் இன்றைய 'வாகன்' ஆன்லைன் தளத்தில் அந்த வண்டியே இருக்காது. அப்படியானால் அந்த வண்டியைப் பதிந்த ஆர்.டி.ஓ அலுவலகத்தில் பழைய பதிவேட்டைப் பார்த்து ஏற்றச் சொல்ல வேண்டும். 'பேக்லாக் என்ட்ரி' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். ஆர்.சி புத்தகமே தொலைந்திருந்தால், போலீஸில் புகார் பதிந்து, படிவம் 26 மூலம் நகல் வாங்கலாம்.

'15 வருஷம் ஆனா உடைக்கணுமாமே?'

வாட்ஸ்அப்பில் சுற்றும் பாதி உண்மை இது. 15 வயது பெட்ரோல் வண்டிக்கும் 10 வயது டீசல் வண்டிக்கும் வந்த கட்டுப்பாடு டெல்லி மற்றும் அதைச் சுற்றியுள்ள பகுதிக்கானது. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் கார் என்றால் 15 ஆண்டுக்குப் பிறகு, வண்டி தகுதியாக இருந்தால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி-யைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆனால் செலவு கூடியிருக்கிறது. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு இந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள்.

50 வயசுதான் கோடு

பழசு எல்லாம் 'வின்டேஜ்' கிடையாது. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, வணிக உபயோகத்தில் இல்லாத வண்டிதான் வின்டேஜ். சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. அதாவது 1972-ல் பதிவான ஃபியட் தகுதி பெறும். உங்க தாத்தா ஆசையாக வாங்கிய 1985 அம்பாசடர் இன்னும் வரிசையில் நிற்க வேண்டும்.

வின்டேஜாகப் பதிய 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும், அதற்குப் பின் மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவதற்குத்தான் 'வி.ஏ' வரிசை நம்பர்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வின்டேஜாகப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பாட்டியை உட்கார வைத்து கோயிலுக்குப் போவதுதான் உங்க கனவு என்றால், சாதாரண ஆர்.சி-யைப் புதுப்பித்து வைப்பதே நல்லது.

சாவியைத் திருகாதீங்க!

பல வருஷம் நின்ற வண்டியில் புது பேட்டரியை மாட்டி "ஸ்டார்ட் ஆகுதானு பார்ப்போம்" என்பதுதான் எல்லோரும் செய்கிற முதல் தவறு. சிலிண்டருக்குள் பிஸ்டன் துருவில் ஒட்டியிருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே இன்ஜின் கெட்டுப்போகலாம். பழைய வண்டி தெரிந்த மெக்கானிக் என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டு, ஊற வைத்து, முதலில் கையால்தான் இன்ஜினைச் சுற்றிப் பார்ப்பார். பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டரை அடைத்திருக்கும். அதை வடித்துவிட வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், உள்ளே பாகங்கள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். வண்டி கிளம்புகிறதா என்பதைவிட நிற்குமா என்பதுதான் முக்கியம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கிறதா பாருங்கள். '2309' என்றால் 2009-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த வயசு டயரை நம்பி ரோட்டுக்குப் போகாதீர்கள். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். இன்ஜின் வேலையைவிட டிங்கரிங், பெயின்ட் வேலைதான் பெரும்பாலும் பர்ஸைக் காலி செய்யும். சேஸியில் துரு எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியாமல் 'ரெஸ்டோர் பண்ணிடலாம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

'மாடிஃபை பண்ணி மாஸா ஓட்டலாமா ப்ரோ?'

அமெரிக்காவில் 1932 ஃபோர்டு போன்ற பழைய கார்களின் மட்கார்டைக் கழற்றி, கூரையைத் தாழ்த்தி, பெரிய இன்ஜினை ஏற்றி 'ஹாட் ராடு' என்று ஓட்டினார்கள். அங்கே அதுவே ஒரு பாரம்பர்யம். அப்படி மாற்றிய கார்களையே அப்பாவிடமிருந்து பிள்ளைகள் வாங்கிப் பாதுகாக்கிறார்கள்.

இங்கே கதை தலைகீழ். தயாரிப்பாளர் பதிந்த அடிப்படை அம்சங்களை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மேலே சொன்ன வின்டேஜ் தகுதியும் போய்விடும். அதனால் திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற சின்ன மாற்றங்களோடு நிறுத்துங்கள். கழற்றிய ஒரிஜினல் பாகம் ஒவ்வொன்றையும் பெட்டியில் போட்டு வையுங்கள். நாளைக்கு அந்தப் பெட்டிக்கும் விலை உண்டு.

விற்பது துரோகம் இல்லை

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறுத்த இடம், மாதம் ஒரு நாள் நேரம், செலவுக்குக் கொஞ்சம் பணம். இந்த மூன்றில் இரண்டு இல்லையென்றால், வண்டியைக் கொண்டாடும் ஒருவரிடம் கொடுப்பதுதான் தாத்தாவுக்கு மரியாதை.

ஆனால் முதலில் வந்து "பழைய இரும்பு விலைதான் போகும்" என்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஆன்லைன் விளம்பரத்தில் பார்க்கும் தொகையையும் அப்படியே நம்பாதீர்கள். அது கேட்கிற விலை, விற்கிற விலை அல்ல. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற பழைய கார் ஆர்வலர் அமைப்புகளில் விசாரித்தால், உங்க வண்டியின் அருமை தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். பேப்பர் சரியாக இருப்பது, குரோம் பட்டை, கண்ணாடி, மீட்டர் எல்லாம் ஒரிஜினலாக இருப்பது... விலையை முடிவு செய்பவை இவைதான். கோவை ஜி.டி. கார் மியூசியத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். பராமரித்த பழைய கார் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்தால் உங்க முடிவு தெளிவாகும்.

யாருக்கு விற்றாலும் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு, பெயர் மாறியதை உறுதி செய்யுங்கள். கைமாறிய வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி-யில் பெயர் உள்ளவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

காப்பாற்றவே முடியாத நிலை என்றால், பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, 'டெபாசிட் சான்றிதழ்' வாங்குங்கள். புது வண்டி வாங்கும்போது வரிச் சலுகைக்கு அது உதவும்.

எங்க ஹெரால்டு என்ன ஆச்சு?

"இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்ற சித்தியின் வார்த்தை ஒன்பது வருஷம் நீண்டது. மேலே தார்ப்பாய், உள்ளே எலி. யாரும் விற்கவில்லை, யாரும் ஓட்டவும் இல்லை. பெயரையும் மாற்றவில்லை. கடைசியில் ஒரு மெக்கானிக் அண்ணன் தார்ப்பாயை விலக்கி, அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் சேஸியைத் தட்டினார். அது உள்ளே இறங்கியது. "நாலு வருஷம் முன்னாடி கூப்பிட்டிருந்தா காப்பாத்தியிருக்கலாம் தம்பி" என்றார். வண்டி உதிரி பாகங்களாகத்தான் போனது. ஸ்டீயரிங் மட்டும் என் அறைச் சுவரில் இருக்கிறது.

அம்மா அழுததிலும் தவறில்லை, மாமா விற்கச் சொன்னதிலும் தவறில்லை. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் அந்த வண்டி இன்று எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். பெயர் மாற்றத்துக்குச் சட்டம் மூன்று மாதம் தருகிறது இல்லையா? குடும்பமாக முடிவெடுக்கவும் அதையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பாட்டியை அந்த வண்டியில் உட்கார வைத்து, முதன்முதலாக அதில் எங்கே போனார் என்று கேட்டு, போனில் பதிவு செய்துவிடுங்கள். வண்டி யாரிடம் போனாலும் அது உங்களிடம் இருக்கும்.