கவுனி அரிசியில் சாயமா?

கறுப்புக் கவுனியை ஊறப்போட்டால் தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறும். உடனே ‘சாயம் ஏற்றிய அரிசி’ என்று பதறிக் கொட்டிவிடாதீர்கள். தவிட்டில் இருக்கும் ஆந்தோசயனின் தண்ணீரில் கரையக்கூடியது. நாவல்பழத்தின் நிறமும் அந்த வகைதான். ஆக்சிஜனேற்ற எதிர்ப்பொருள் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசிகளில் முக்கியமாகப் புரோஆந்தோசயனிடின் இருக்கிறது. இரண்டுக்கும் இருப்பிடம் தவிடே. நன்றாகத் தீட்டிய அரிசியில் பெயர்தான் மிஞ்சும். ஊறிய தண்ணீரைக் கொட்டினால் நிறமியில் ஒரு பகுதியும் போய்விடும். முதலில் களைந்துவிட்டு, பிறகு ஊறவைத்த தண்ணீரிலேயே வேகவையுங்கள்.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லையா? ஊறிய தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் ஆந்தோசயனின் சிவக்கும். சமையல் சோடா போட்டால் நீலமோ பச்சையோ ஆகும். எதற்கும் நிறம் மாறாமல், கழுவக் கழுவ அரிசி மட்டும் வெளுத்துக்கொண்டே போனால் விசாரிக்க வேண்டியதுதான். சிவப்பரிசிக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. கறுப்பரிசிக்கும் இது சந்தேகத்தை எழுப்புமே தவிர, சாட்சியமாகாது.

என்னைக் கேட்டால், சாயத்தைவிட மோசம் பொய் விளம்பரம். ‘சர்க்கரை நோயைக் குணமாக்கும்’, ‘புற்றுநோய் வராது’ என்று பையில் அச்சிட்டு விலையை ஏற்றுகிறார்கள். எந்த நிறமானாலும் அரிசியில் பெரும்பங்கு மாவுச்சத்துதான். இந்த விளம்பரத்தை நம்பி மாத்திரையை நிறுத்துபவருக்குத்தான் ஆபத்து. நோயைத் தீர்க்கும் என்று சொல்லி உணவை விற்க 2018ஆம் ஆண்டு உணவு விளம்பர விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு பலருக்கும் தெரியாது. வாங்கிய உணவை நீங்களே கட்டணம் செலுத்தி அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். ஆனால் சோதிக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கலப்படம் உறுதியானால் அந்தக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இந்த அலைச்சல் வேண்டாம் என்பவர்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பேசலாம். நஷ்டஈடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ரசீதைத்தான். சில்லறையாக வாங்கினாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். பையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.