காதுக் குறும்பி: எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது

"காதில் அழுக்குச் சேர்ந்துவிட்டது, சுத்தம் செய்துவிடுங்கள்." காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வருபவர்களில் பலர் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். சொல்லும்போது குரலில் ஒரு கூச்சமும் இருக்கும், குளிக்காமல் வந்து அமர்ந்துவிட்டவரைப் போல. அந்தக் கூச்சம் தேவையற்றது. காதில் இருப்பது அழுக்கு அன்று. உடல் தானே தயாரித்துத் தானே வெளியேற்றும் ஒரு பாதுகாப்புப் பூச்சு. தமிழில் இதற்குக் குறும்பி என்ற தனிப்பெயரே உண்டு. அதை எடுக்கும் சிறு கரண்டிக்குக் 'குறும்பி வாங்கி' என்று பெயர். முள்வாங்கியோடு ஒரே வளையத்தில் கோத்து வைத்திருக்கும் வழக்கம் நம் தாத்தாக்களிடம் இருந்தது. கருவிக்குத் தனிப்பெயர் வைக்கும் அளவுக்குக் காதைக் குடையும் பழக்கம் பழையது. ஆகவே அதை விடச் சொல்வது எளிதன்று என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

செவிப்பறை வரை செல்லும் செவிக்குழல் பெரியவர்களுக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளம் உடையது. வெளிப்புறம் உள்ள மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது, எஞ்சியது எலும்பு. நுண்மயிர்களும் குறும்பியைச் சுரக்கும் சுரப்பிகளும் வெளிப்பகுதியில் மட்டுமே உள்ளன. உள்பகுதியின் தோல் மிக மெல்லியது. எலும்பின் மேல் நேரடியாகப் படிந்திருப்பது. குச்சி அங்கே பட்டவுடன் சுரீரென வலிப்பதற்கு இதுவே காரணம். சுரப்பும் உதிர்ந்த தோலும் சிறிது தூசியும் கலந்தது குறும்பி. அதில் உள்ள எண்ணெய்ப் பசை நீரை உள்ளே ஊறவிடுவதில்லை. அதன் லேசான அமிலத்தன்மை நுண்கிருமிகளும் பூஞ்சையும் பெருகுவதைத் தடுக்கிறது.

வியப்பு இனிமேல்தான். உடலின் பிற இடங்களில் தோல் வளர்ந்து அங்கேயே மேலாக உதிர்கிறது. காதில் மட்டும் அது செவிப்பறையின் நடுவிலிருந்து புறப்பட்டு, பக்கவாட்டில் நகர்ந்து, காதின் வாயிலை நோக்கி வந்துகொண்டே இருக்கிறது. நகம் வளரும் வேகத்தோடு ஒப்பிடத்தக்க மெதுவான பயணம் அது. நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைவதனால் குறும்பி தளர்ந்து அந்த நகர்வோடு வெளியே வருகிறது. இரவில் தலையணை உறையில் உதிர்வதும் காலையில் துண்டு நுனியில் ஒட்டுவதும் இப்படி வந்தவையே. வெளியில் தெரிவதைத் துடைத்தெறிந்தால் போதும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். சுரப்பிகள் வெளிப்பகுதியில் மட்டுமே இருக்கையில் குறும்பி செவிப்பறையை ஒட்டி எப்படிப் போயிற்று? பெரும்பாலும் யாரோ தள்ளியிருக்கிறார்கள். பஞ்சுக்குச்சியின் தலை செவிக்குழலை ஏறக்குறைய அடைத்துக்கொண்டு செல்கிறது. நுனியில் ஒட்டுவது சிறிது. இடித்து உள்ளே செருகப்படுவது அதிகம். பஞ்சில் பழுப்பு நிறம் தெரிவதால் சுத்தம் செய்துவிட்டோம் என்ற நிறைவு உண்டாகிறது. 1923-இல் அமெரிக்காவில் லியோ கெர்ஸ்டென்சாங் என்பவர் இந்தக் குச்சிகளைக் குழந்தைப் பராமரிப்புப் பொருளாக விற்கத் தொடங்கினார். இன்று பல உற்பத்தியாளர்கள் 'செவிக்குழலுக்குள் நுழைக்காதீர்' என்ற எச்சரிக்கையை உறையிலேயே அச்சிடுகிறார்கள். நம் நாட்டில் 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் தண்டு கொண்ட பஞ்சுக்குச்சிகள் தடைசெய்யப்பட்டன. சுற்றுச்சூழலைக் காக்க வந்த தடை அது. கடைகளில் இப்போது காகிதத் தண்டும் மூங்கில் தண்டும் கிடைக்கின்றன. எந்தத் தண்டாயினும் செவிப்பறைக்கு ஒன்றுதான்.

ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, ஈர்க்குச்சி, இருசக்கர வாகனச் சாவி, கோழி இறகு என்று காதுக்குள் செல்லும் பொருட்களின் பட்டியல் நீளம். இப்போது கேமரா பொருத்திய கரண்டியும் இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. கைபேசித் திரையில் காதின் உட்புறம் தெளிவாகத் தெரிவது உண்மைதான். ஆனால் திரை ஆழத்தைக் காட்டாது. அந்த நேரத்தில் ஓடிவரும் குழந்தை முழங்கையில் மோதினால் கேமராவால் என்ன செய்ய முடியும்? காதில் மெழுகுக் கூம்பை நட்டுப் பற்றவைக்கும் முறையை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது குறும்பியை உறிஞ்சுவதில்லை; தீக்காயமும், உருகிய மெழுகு செவிப்பறையில் உறைவதுமே அதன் பலன்களாகப் பதிவாகியுள்ளன.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லலாம். காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வரும். செவிக்குழலின் தோலுக்கு, தொண்டைக்கும் நுரையீரலுக்கும் செல்லும் அதே வேகஸ் நரம்பின் கிளை ஒன்று வருகிறது. விடாத வறட்டு இருமலுக்காக வருபவர்களிடம் காதையும் பார்ப்பது அதனால்தான்.

எங்கள் பகுதிக்கே உரிய சில காரணங்களும் உண்டு. ஆவடி, அம்பத்தூர் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர் இரைச்சலிலிருந்து தப்பக் காதடைப்பான் அணிகிறார்கள். திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறுகிறவர்களில் பலர் சென்னை சென்ட்ரல் வரை இயர்போனைக் கழற்றுவதில்லை. காதில் எதையாவது நெடுநேரம் செருகி வைத்தால் குறும்பி வெளியேறும் வழி அடைபடுகிறது. இதைச் சொன்னவுடன், "அப்படியானால் காதடைப்பானை விட்டுவிடட்டுமா?" என்று தொழிலாளர்கள் கேட்பதுண்டு. கூடவே கூடாது. குறும்பியைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். இரைச்சலால் அழிந்த உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. காதடைப்பானைச் சுத்தமான கையால் அணியுங்கள். கழுவிப் பயன்படுத்தும் வகையாயின் கழுவி உலர்த்துங்கள். ஆண்டுக்கொரு முறை காதைக் காட்டுங்கள். இயர்போனை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. தீபாவளிக்கும் சனிக்கிழமைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கையில் காதிலும் இரண்டு சொட்டு விடுவது நம் வழக்கம். செவிப்பறை முழுமையாக இருப்பவருக்கு, அறை வெப்பத்தில் உள்ள சுத்தமான எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு பெரிய தீங்கு செய்வதில்லை. இறுகிய குறும்பியைச் சிறிது இளக்கவும் கூடும். ஆயினும் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்பது பார்த்தாலன்றித் தெரியாது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சூட்டோடு ஊற்றுவதும், பச்சைக் குழந்தைக்குக் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விட்டு ஊதுவதும் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரமும் எண்ணெயும் சேர்ந்த காதில் பூஞ்சை எளிதில் பற்றுகிறது. நனைந்த செய்தித்தாள் போன்ற வெண்படலமும் அதில் கரும்புள்ளிகளும் இருக்கும், அரிப்பு தாங்காது. இதையும் அழுக்கு என்றெண்ணிக் குடைகிறார்கள். பூஞ்சை இன்னும் பரவுகிறது.

முதியவர்களும் குழந்தைகளும்

காது கேளாமையைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் நடுவண் அரசு 2007-இல் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் ஆவணங்கள் எடுத்துக்காட்டும் கணக்கின்படி, கேட்கும் திறன் குறைவதற்கான காரணங்களில் குறும்பியின் பங்கு 15.9 விழுக்காடு. எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்களில் அதற்கே முதலிடம். இந்த எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஏனெனில் இதற்குள் இருப்பவர்களில் கணிசமானோர் வயது முதிர்ந்தவர்கள். மூப்பில் சுரப்பு வறண்டு குறும்பி கெட்டிப்படுகிறது. ஆண்களுக்குக் காதின் மயிர் தடித்து வழியை மறிக்கிறது.

வீட்டில் என்ன நடக்கிறது? அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுகிறார். கேட்டதற்கு மாறான பதிலைச் சொல்கிறார். "வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்" என்று வீடே முடிவு செய்துகொள்கிறது. மெல்ல அவரிடம் பேசுவதையே குறைத்துவிடுகிறார்கள். பேரன் சொல்லும் கதையைக் கேட்கவும் அவர் அழைக்கப்படுவதில்லை. அவர் மறதிக்காரர் என்ற பெயரும் வந்து சேர்கிறது. மூப்பினால் நரம்பு தளர்ந்து கேட்கும் திறன் குறைவதும் உண்டு. அதற்குத் தனிச் சிகிச்சை. ஆனால் காதுக்குள் ஒருமுறை வெளிச்சம் அடித்துப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக்கூடாது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் காதுக்கருவி வாங்குவதற்கு முன்பு இது கட்டாயம். ஏற்கெனவே கருவி அணிந்திருப்பவருக்கு அது திடீரென விசில் அடிக்கத் தொடங்கினால், கருவி பழுதென்று கடைக்குச் செல்லுமுன் காதையும் பாருங்கள். குறும்பியில் மோதித் திரும்பும் ஒலியும் அப்படி விசிலடிக்கும்.

பள்ளியில் "கவனமில்லை" என்று பெயரெடுத்த பிள்ளைக்கும் இதே நியாயம் பொருந்தும். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளுக்குக் குறும்பி அடைப்பு மற்றவர்களைவிட அதிகம். தங்களுக்குக் கேட்கவில்லை என்பதை அவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

குறும்பி என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாதவை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரமுண்டு என்றால் இதைப் படியுங்கள்.

காலையில் எழும்போது ஒரு காது அடைத்துக்கொண்டது போலிருக்கிறது, இரைச்சலும் கேட்கிறது. குளித்தபோது தண்ணீர் போயிருக்கும், குறும்பி ஊறியிருக்கும் என்று எண்ணி ஒருவர் கடையில் சொட்டு மருந்து வாங்கி ஒரு வாரம் விட்டுப் பார்க்கிறார். குறும்பியாகவே இருந்தால் நட்டமில்லை. ஆனால் கேள் நரம்பு அல்லது உட்செவி திடீரெனப் பாதிக்கப்படும் நோயும் முதலில் இப்படியே, வலியில்லாத அடைப்பாகவே தோன்றும். அதற்கு ஸ்டீராய்டு மருந்தை முதல் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும். இரண்டு வாரம் கடந்தால் மீளும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. சொட்டு மருந்தோடு கழிந்த அந்த ஒரு வாரம்தான் ஒரு காதின் விலை.

வீட்டிலேயே ஒரு குறிப்பு அறியலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகுங்கள். குறும்பி போன்ற அடைப்பாயின், முனகல் மந்தமான காதின் பக்கமே உரக்கக் கேட்கும். ஒரு காதை விரலால் பொத்திக்கொண்டு முனகினால் இது எப்படியென்று விளங்கும். மாறாக, நல்ல காதின் பக்கம் உரக்கக் கேட்டால் நரம்பின் பாதிப்பாக இருக்கலாம். இது குறிப்பு மட்டுமே, தீர்ப்பன்று. எந்தப் பக்கம் கேட்டாலும், ஒரு காது திடீரென மந்தமானால் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

நீரிழிவு நோயாளிகள், குறிப்பாக முதியவர்கள், காதைக் குடைந்தபின் வலி வந்து அது நாளுக்கு நாள் கூடி, இரவில் தூங்கவிடாமல் செய்தால் அதைச் சாதாரணக் காதுவலியாகக் கொள்ளக்கூடாது. சிறு கீறல் வழியே புகும் கிருமி அவர்களுக்குச் செவிக்குழலைக் கடந்து மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்புவரை பரவக்கூடும். முகத்தின் ஒரு பக்கம் செயலிழப்பதும் நேரும். பல வாரங்கள் ஆன்டிபயாட்டிக் மருந்து தேவைப்படும் நோய் அது. சர்க்கரையைக் கவனிப்பவர்கள் பாதத்தைப் பார்ப்பது போலவே காதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நாற்றம். குறும்பி நாறாது. துர்நாற்றத்தோடு சிறிது சிறிதாகக் கசியும் காதில், எலும்பை அரிக்கும் தோல் கட்டி இருக்கக்கூடும். மேலே உலர்ந்த குறும்பி போலத் தோன்றினும் கீழே இருப்பது வேறு.

எடுக்க வேண்டி வந்தால்

தொந்தரவு ஏதும் தராத, செவிப்பறையை மறைத்து ஆய்வுக்கு இடையூறு செய்யாத குறும்பியை எடுக்கத் தேவையில்லை. எடுக்க வேண்டுமெனில், கெட்டிப்பட்டதை முதலில் சொட்டு மருந்தால் சில நாட்கள் இளக்குவோம். அந்நாட்களில் குறும்பி ஊறிப் பருத்து, காது முன்னிலும் அதிகமாக அடைத்துக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம். பிறகு நீரைப் பீய்ச்சியோ, உருப்பெருக்கியில் பார்த்தபடி கொக்கியாலோ உறிஞ்சு குழாயாலோ எடுப்போம். செவிப்பறையில் ஓட்டை, முன்பு செய்த காது அறுவைச் சிகிச்சை, நீரிழிவு, இரத்தம் உறையாமைக்கான மாத்திரை இவற்றில் ஏதேனும் இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அவற்றுக்கேற்ப முறை மாறும்.

பீய்ச்சும் நீர் உடலின் வெப்பத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தலை சுற்றும். வியன்னா நகரின் காது மருத்துவர் ராபர்ட் பாராணி இந்தத் தலைச்சுற்றலைக் கவனித்து ஆராய்ந்தார்; உட்செவியின் சமநிலை உறுப்பைச் சோதிக்கும் முறையை அதிலிருந்து உருவாக்கினார். அந்த ஆய்வுகளுக்காக 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. குறும்பி எடுக்கும் எளிய பணியில் முளைத்த பரிசு என்பதில் எங்கள் துறையினருக்குச் சிறிது பெருமை உண்டு.

குறும்பி எடுத்த அன்று முதியவர்கள் சிலர் திகைத்துப்போகிறார்கள். மின்விசிறியின் ஓசையும், தம் செருப்பின் ஓசையும்கூடப் பெரிதாகக் கேட்பதாகச் சொல்வார்கள். ஓரிரு நாட்களில் பழகிவிடும். உடன் வரும் குடும்பத்தினரிடம் ஒரு வேண்டுகோள்: அன்று வீடு திரும்பியதும் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, அவரிடம் வழக்கமான குரலிலேயே பேசிப் பாருங்கள். அப்போதும் கேட்கவில்லையென்றால், அடுத்த வாரமே கேட்புத்திறன் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.