கொடுத்துக் காத்த ஆட்டம்



எங்கள் நிலையத்துப் பிள்ளைகளுடன் சதுரங்கம் ஆடி நான் அடிக்கடி தோற்பேன். உலகச் சம்பியன்களின் ஆட்டங்களை விளக்கக் குறிப்புகளுடன் வாசித்த பின்பே என் பிழை விளங்கியது. எதிராளியின் எண்ணத்தை நான் கேட்டுப் பார்ப்பதேயில்லை.

என்னைக் கவர்ந்தவர் டிக்ரான் பெற்றோசியன். 1929இல் ஜோர்ஜியாவின் திபிலிசியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெற்றோரை இழந்து, தெருக் கூட்டிப் பிழைத்தவர். 1963 முதல் 1969 வரை உலகச் சம்பியனாக இருந்தார்.

1953இல் சூரிச்சில் ரெஷெவ்ஸ்கியின் காலாட்கள் நடுவில் நெருக்கி வந்தன. 25ஆவது நகர்த்தலில் பெற்றோசியன் தனது கோட்டையை, மந்திரி வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்தார். கோட்டை விட்டுச்சென்ற கட்டத்தின் வழியே அவரது குதிரை நடுவுக்கு வந்து காலாட்களை மறித்தது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

நீங்களும் ஓர் ஆட்டத்தை எடுத்து, அடுத்த நகர்த்தலைக் கடதாசியால் மறையுங்கள். “எதிராளி என்ன நினைக்கிறார்? நான் என்ன செய்வேன்?” என்பதற்கு விடை எழுதுங்கள். பின்பு குறிப்புடன் ஒப்பிடுங்கள்.

போரில் இழந்த எவரும் விரும்பிக் கொடுக்கவில்லை. ஆனாலும் எஞ்சியதை எங்கே வைப்பது என்ற கேள்வி எங்களுக்கும் உண்டு.