வேட்டைக் குடியின் மொழிக்கல்வி

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கை அடுத்துள்ள கியா பார்ம், இன்று காய்கறிச் சந்தையாலும் படிப்படியான தோட்டங்களாலும் அறியப்படுகிறது. 1885இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்தார். 1929இல் போ தேயிலை நிறுவனம் தோன்றியது. கொழுந்து பறிக்கத் தமிழர் மலையேறினர். அவர்களுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே இம்மலைச்சரிவுகளில் வாழ்ந்து வருவோர் செமாய் மக்கள். வேட்டையும் மலைப்பயிரும் அவர்தம் பழந்தொழில்கள். அக்குடியில் ஒரு பிள்ளை தன் தந்தையிடம் தொழிலோடு மொழியையும் எவ்வாறு கற்கிறது என்பதை இங்கு நாம் காண்போம்.

செமாய், ஆஸ்திரோஆசிய மொழிக்குடும்பத்தின் அஸ்லியக் கிளையைச் சேர்ந்தது. மலாய்மொழி இதற்கு இனமன்று. கெமேர், வியட்நாமியம், இந்தியாவின் சந்தாலி ஆகியனவே இதன் தூரத்து உறவுகள்.

செமாய் ஆடவரின் முதன்மைக் கருவி ஊதுகுழல். மலாயில் அது சும்பித்தான் எனப்படும். கணுவிடை மிக நீண்ட மலைமூங்கிலால் உட்குழலும், அதனைக் காக்கும் வெளிக்குழலும் அமையும். பனையினத்து ஓலையின் ஈர்க்கைச் சீவி அம்பாக்குவர். ஈப்போ மரத்தின் பாலைக் காய்ச்சி அதன் முனையில் பூசுவர். ஈப்போ நகரம் பெயர் பெற்றதும் இந்நச்சு மரத்தாலேயே. சிறுவர் முதலில் விளையாட்டுக் குழலால் ஊதிப் பழகுவர். பின்னர்த் தந்தையுடன் காடு சென்று, எம்மூங்கில் தகும், எம்மரம் நச்சுடையது என்பவற்றைக் கண்டு அறிவர். பொருளும் பெயரும் செயலும் ஒருங்கே மனத்தில் பதிகின்றன.

இக்கல்வியில் வற்புறுத்தல் இல்லை. 1968இல் செமாய் மக்களைப் பற்றி நூல் வெளியிட்ட மானிடவியலார் இராபர்ட் டென்டன், 'பூட்' என்னும் சொல்லை விளக்குகிறார். 'எனக்கு மனமில்லை' என்பது அதன் பொருள். பெற்றோர் ஏவியதற்குப் பிள்ளை அவ்வாறு கூறின், பேச்சு அத்துடன் முடியும். ஆகவே பிள்ளை கற்பது தன் விருப்பத்தால். அவ்விருப்பத்தைத் தூண்டுவது தந்தையின் செயல்.

இவ்வாறு கற்கும் மொழியின் நுட்பத்தை ஜெரார்டு டிஃப்லோத் ஆராய்ந்தார். ஓசை, அசைவு, தோற்றம், மணம் ஆகியவற்றை உணர்த்தும் சொற்கள் செமாயில் தனி வகையாக நிற்பதை அவர் 1976இல் விளக்கினார். விலங்குகளின் இயற்பெயரைத் தவிர்த்து மாற்றுப்பெயர் வழங்கும் மரபினையும் அவர் எழுதியுள்ளார். தமிழ் மாணவர்க்கு இவை புதியன அல்ல. சலசல, கிடுகிடு என்னும் இரட்டைக்கிளவிகளை நாம் அறிவோம். இசை, குறிப்பு, பண்பு என்று தொல்காப்பியர் உரிச்சொல்லுக்கு வகுத்த நிலைக்களன்களையும் இங்கு எண்ணலாம். இரவில் பாம்பைப் பூச்சி என்று கூறிய பாட்டியின் வழக்கும் பெயர் தவிர்க்கும் மரபே.

சொல்லுறவும் ஒன்று உண்டு. தமிழில் ஊதுகுழலுக்குச் சுங்குத்தான் என்றும், மலையாளத்தில் தூம்பிதான் என்றும் பெயருண்டு. இவை மலாய்ச் சும்பித்தானோடு தொடர்புடையன எனக் கருதப்படுகின்றன. தென்னிந்திய ஊதுகுழல்களைப் பற்றி ஜேம்ஸ் ஹார்னெல் 1924இல் ஒரு கட்டுரையே எழுதினார். கடல்வழி வந்த கருவியோடு பெயரும் வந்தது போலும்.

இன்று காடு குறுகித் தோட்டங்கள் பெருகுகின்றன. நடந்து காட்டக் காடில்லாதபோது, தந்தை அறிந்த பெயர் மகனிடம் சேர்வதில்லை. சில தொடக்கப்பள்ளிகளில் செமாய் பாடமாகக் கற்பிக்கப்படுவது நற்செய்தி. ஆயினும் படத்தில் கண்ட மூங்கிலுக்கும் கையால் தட்டித் தேர்ந்த மூங்கிலுக்கும் வேறுபாடு உண்டு.

இது அவர்க்கு மட்டும் உரிய இழப்பன்று. கொழுந்து, கங்காணி, பெரட்டு, லயம் என்னும் தோட்டச் சொற்களும் அத்தொழிலோடு நம்மவர் வீடுகளிலிருந்து மறைந்து வருகின்றன. ஆசிரியர்கள் ஒரு சிறு பணியை மாணவர்க்கு அளிக்கலாம். பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி செய்த தொழிலில் வழங்கிய இருபது சொற்களை, அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதி வரச் செய்க. இயலுமாயின் அக்கருவியைக் கையில் எடுத்துக் காட்டவும் வேண்டுக. கேட்க ஒரு பிள்ளை அருகில் இருக்கும்வரை அச்சொற்களுக்கு வாழ்வு உண்டு.